ஆலை மூடிய ஊரில் முதல் ஆறு மாதம்

ஒரு ஊரின் பாதி வீடுகளுக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஆலையோ சுரங்கமோ மூடப்பட்டதும் கூட்டம் போடுவார்கள், மனுக் கொடுப்பார்கள், வாசலில் உட்காருவார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் அதே வாரத்தில் முடிக்க வேண்டிய இன்னொரு வேலையைப் பல ஊர்கள் தவறவிடுகின்றன. அது காகிதம் சேர்ப்பது.

அலுவலகத்தில் ஆள் இருக்கும்போதே ஒவ்வொரு தொழிலாளியும் வாங்கிவைக்க வேண்டியவை: பணிச் சான்று, கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அல்லது ஓய்வூதியக் கணக்கு எண், விபத்து ஏதும் நடந்திருந்தால் அதன் பதிவு நகல், ஆலை மருத்துவமனையில் எடுத்த மார்பு எக்ஸ்ரே, கேட்புத் திறன் சோதனை முடிவு. இவற்றோடு எந்தப் பிரிவில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தோம், அங்கே என்ன தூசி, என்ன ரசாயனம் என்று தன் கைப்பட ஒரு பக்கம் எழுதி, கூட வேலை பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் பலருக்குப் பத்து, இருபது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் புற்றுநோய்க்கு 20 முதல் 40 ஆண்டுகள் கூட ஆகும். அன்றைக்கு நிறுவனமும் இருக்காது, கட்டடமும் இருக்காது. இழப்பீடு கேட்டுப் போகும் விதவையின் கையில் இருக்கப்போவது இந்த ஒரு கோப்புதான். நகல் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள்.

நலிந்த ஊர்களில் உதவும் மனத்துக்குப் பஞ்சமே இல்லை. முதல் மாதம் எல்லோரும் ஓடிவருகிறார்கள். நான்காவது மாதம் அது உடைகிறது என்றால், பெரும்பாலும் கணக்கு எழுதாததால், முறை வைக்காததால், சாவி ஒரே ஆளிடம் இருந்ததால் உடைகிறது. ஆகவே அன்பைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அந்த அன்பு ஆறு மாதம் தாண்டியும் நிற்க என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் வரும் முதல் நெருக்கடி

கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் தொகை ஒன்று கைக்கு வரும். அவ்வளவு பணத்தை ஒரே தடவையில் பார்த்திராத வீட்டில் அது இரண்டு வழியில் கரைகிறது. ஒன்று, அதிகம் நச்சரிக்கும் கடன்காரருக்கு முதலில் கொடுத்துவிடுவது. இன்னொன்று, கடை வைப்பது. ஒரே மாதத்தில் ஒரே தெருவில் ஐந்து பேர் மளிகைக் கடை வைத்தால் ஐந்து கடைக்கும் வாடிக்கையாளர் அந்த ஐந்து குடும்பங்கள்தான். ஊரில் புழங்கும் பணமே குறைந்திருக்கும் நேரத்தில், அந்த ஊருக்குள்ளேயே விற்கும் தொழிலில் மொத்தச் சேமிப்பையும் போடக் கூடாது. வெளியூருக்கு விற்கக்கூடிய பொருளோ திறமையோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதற்கு முன் ஆறு மாதச் செலவைத் தொடாமல் தனியே எடுத்துவைத்துவிட வேண்டும்.

எதை முதலில் கட்டுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. தலைக்கு மேல் கூரையைக் காப்பது முதலில்: வாடகை அல்லது வீட்டுக்கடன். அடுத்து தண்ணீர், மின்சாரம், நிறுத்த முடியாத மருந்து. அதற்கடுத்து, கட்டாவிட்டால் வேலைக்கே போக முடியாமல் செய்யும் கடன், அதாவது வண்டிக்கடன், கருவிக்கடன். அடமானம் இல்லாத கைக்கடனும் அட்டைக்கடனும் கடைசியில்தான். சத்தம் போடுகிறவரின் குரலுக்கு இந்த வரிசையில் இடம் கிடையாது. தவணை தவறிய பிறகு பேசுவதைவிடத் தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டால் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ வாய்ப்பு அதிகம். தொலைபேசியில் ஒப்புக்கொண்டதை அன்றைக்கே கடிதமாக அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த மாதம் பேசப்போவது வேறொருவர்.

பொதுச் சமையல்

வேலை போன ஊர்களில் ஊர் கூடி முதலில் ஆரம்பிப்பது பெரும்பாலும் அடுப்பைத்தான். 1984–85இல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தபோது சுரங்க ஊர்ப் பெண்கள் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். 1980களில் சிலியின் தலைநகர்ப் புறநகர்களில் பொதுப் பானையும், பெருவின் லிமாவில் மக்கள் உணவகங்களும் பரவின. லிமாவின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. உறுப்பினர் பெண்கள் முறைபோட்டுச் சமைப்பார்கள், சாப்பாட்டுக்குச் சிறிய விலை உண்டு, நோயாளிகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் மட்டும் சில பங்குகள் இலவசம். இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் அவை ஆண்டுக்கணக்கில் நின்றன என்று நினைக்கிறேன். முழு இலவசம் என்று அறிவித்தால், உண்மையில் பசியோடு இருக்கும் மானமுள்ள குடும்பம் வரிசையில் நிற்காது. சிறு தொகையோ இரண்டு மணி நேர வேலையோ கொடுத்துவிட்டு உட்காருகிறவர் உப்பு குறைவு என்று சொல்லத் தயங்கமாட்டார். அந்த உரிமை இருந்தால்தான் சமையலும் ஒழுங்காக இருக்கும்.

100 பேருக்கு ஒரு வேளைக்கான அளவு இது. அரிசி ஆளுக்கு 100 முதல் 120 கிராம் என்று 10 முதல் 12 கிலோ. பருப்போ பயறோ 4 முதல் 5 கிலோ. காய் 15 கிலோ, நறுக்கிக் கழித்தால் 12 கிலோ தேறும். எண்ணெய் ஒன்றரை லிட்டருக்குள். உப்பு மொத்தமாக அரைக் கிலோவில் ஆரம்பித்து, ருசி பார்த்துக் கூட்டலாம். உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்கள் வந்தால் அரிசியை மட்டும் கூட்டுங்கள், குழந்தைகள் பாதிப்பேர் என்றால் கால் பங்கு குறையுங்கள்.

வீட்டில் நன்றாகச் சமைப்பவர் பெரிய பானையில் தடுமாறுவது தண்ணீர் அளவில்தான். ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வைத்துப் பழகிய கை, 12 கிலோவுக்கு அதே கணக்கைப் போட்டால் சாதம் குழைந்துவிடும். பானை பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் ஆவி போகும் மேற்பரப்பு குறைவு. அதனால் கிலோவுக்கு 1.7, 1.8 லிட்டரில் தொடங்கி, உங்கள் அரிசிக்கு எது சரி என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 12 கிலோவையும் ஒரே பானையில் போடாதீர்கள். அடி பிடிக்கும்போது நடு இன்னும் வெந்திருக்காது. 30, 35 லிட்டர் பாத்திரம் இரண்டு இருந்தால் பாதிப் பாதியாக, அரைமணி இடைவெளியில் ஏற்றலாம். கடைசியில் வருபவருக்கும் சூடாகக் கிடைக்கும்.

சூடு என்பது ருசிக்காக மட்டும் இல்லை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலோ 5 டிகிரிக்குக் கீழோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி பெருகும். சாதத்தில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் விட்டால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த சாதத்தை, எவ்வளவு மனம் கேட்காவிட்டாலும், கொட்டிவிட வேண்டும். ஒரு நாள் நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தச் சமையற்கூடம் திரும்ப எழாது. மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அகலத் தட்டில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவைத்து உடனே குளிரில் வைக்க வேண்டும். பானையோடு வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவே பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஒரு உணவு வெப்பமானி வாங்கிவிடுங்கள். முதல் மாதம் வாங்க வேண்டிய பொருட்களில் எடைத்தராசுக்கு அடுத்தது அதுதான்.

எரிபொருள் செலவைக் குறைக்க வெப்பப்பெட்டி செய்துகொள்ளலாம். ஒரு மரப்பெட்டி அல்லது கெட்டியான அட்டைப்பெட்டி, பானையைச் சுற்றிலும் அடியிலும் மேலும் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோலோ பழைய கம்பளித் துணியோ. பருப்பை மூடிபோட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கொதி அடங்கும் முன் பெட்டிக்குள் இறக்கி இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விட்டால் வெந்துவிடும். பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், அரைப்பானை சீக்கிரம் சூடிழக்கும். பரிமாறும் முன் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 60க்குக் கீழே போயிருந்தால் மறுபடி கொதிக்கவிடுங்கள். ராஜ்மாவுக்கு மட்டும் இந்த முறையை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் இயற்கையாகவே இருக்கும் நச்சு மிதமான சூட்டில் அழியாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவென்று கொதித்த பிறகுதான் பெட்டிக்குப் போகலாம்.

செலவு மிச்சம் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று போய்த் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடுகளில் குளிர்காலத்தில் இது நடக்கிறது. மின்கட்டணத்துக்கு ஊர் நிதியிலிருந்து உதவுவது எவ்வளவு அவசரம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஆள் கணக்கு: 100 பேருக்கு ஏழெட்டுப் பேர் வேண்டும். சமைக்க இரண்டு, நறுக்க இரண்டு, கழுவ இரண்டு, பரிமாற ஒருவர், டோக்கன் வாங்கிக் கணக்கெழுத ஒருவர். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் முறை வராமல் இருக்க 25, 30 பேர் பட்டியலில் தேவை. பட்டியல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்றால், அதே மூன்று பெண்கள் தினமும் வருவார்கள், மற்றவர்கள் அவர்களைப் புகழ்வார்கள், மூன்றாவது மாதம் அந்த மூவரும் வர மாட்டார்கள். கழுவும் முறையில் ஆண்களின் பெயரை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

எத்தனை பேர் வருவார்கள் என்பதை முந்தின நாள் மாலையே டோக்கன் கொடுத்து எண்ணிவிட்டு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சமையுங்கள். மிச்சத்தைத் தினமும் எடைபோட்டு எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து இருபதில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சினால் அளவைக் குறைக்கலாம். கிடங்குப் புத்தகத்தில் நான்கே நிரல்: இருப்பு, வரவு, செலவு, மீதி. வாரம் ஒருமுறை சமைக்காத ஒருவர் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தால் உடனே திருட்டு என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் படிதான். ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். தராசுக்கு மாறினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பணம் சுற்றும் வழி

சீட்டு எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. 12 பேர் மாதம் 100 போட்டால் மாதம் ஒருவருக்கு 1,200. நிலையான சம்பளம் உள்ள ஊரில் இது சிக்கலின்றி ஓடும். வருமானம் ஆடும் ஊரில் மூன்று இடத்தில் உடையும்.

முதலாவது, முன்னால் எடுத்தவர் பிறகு கட்ட முடியாமல் போவது. இதற்கு ஒவ்வொருவரும் மாதம் 105 போட வேண்டும். கூடுதல் 5 தனிப்பெட்டிக்கு. 12 பேர், 12 மாதம் என்றால் அதில் 720 சேரும், ஆறு தவணை தவறினாலும் தாங்கும். யாரும் தவறவில்லை என்றால் கடைசி மாதம் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே இடத்தில் வேலை பார்க்கும் 12 பேர் ஒரு சீட்டில் இருக்கக் கூடாது, அந்த இடம் மூடினால் எல்லோரும் ஒரே நாளில் தவறுவார்கள். இரண்டாவது, விலைவாசி. மாதம் 2 சதவீதம் விலை ஏறினால் 12ஆம் மாதம் எடுப்பவருக்கு வரும் 1,200, முதல் மாதத்துக் கணக்கில் 965 அளவுக்குத்தான் பெறும். இந்தச் சுற்றில் கடைசி வந்தவர் அடுத்த சுற்றில் முதல் என்று முன்பே எழுதிவைப்பது நியாயம். மூன்றாவது, ஏலம். தள்ளுபடி கேட்டு எடுக்கும் சீட்டில் அதிகம் இழப்பவர் அதிகம் தேவை உள்ளவர். நெருக்கடியான காலத்தில் ஏலம் வேண்டாம். குலுக்கலோ, அவசரத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் விதியோ போதும்.

சேமித்துக் கடன் கொடுக்கும் குழுவாக நடத்த வேண்டுமென்றால் 1991இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய முறையைப் பாருங்கள். 15 முதல் 25 பேர், ஒரு இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். கூட்டத்தில் எல்லோர் கண்முன்னும்தான் திறக்கும். பணத்தைச் சத்தமாக எண்ணுவார்கள். மீதி எவ்வளவு என்று எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு போய், அடுத்த கூட்டத்தில் பெட்டி திறந்ததும் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தணிக்கையாளர் ஆகிவிடுகிறார். ஓராண்டு முடிந்ததும் மொத்தத்தையும் பங்கின்படி பிரித்துக்கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். ஆண்டுக்கொருமுறை பெட்டி காலியாவதால் பழைய தவறுகள் மூட்டையாகச் சேர்வதில்லை.

கடைக்கடன் தனிக்கதை. கூட்டுறவுக் கடைகளின் முன்னோடி என்று சொல்லப்படும் இங்கிலாந்தின் ராக்டேல் கடையை 1844 டிசம்பர் 21 அன்று திறந்தபோது 28 உறுப்பினர், 28 பவுண்டு முதலீடு, வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் சரக்கு. நெசவாளர்களின் கூலி விழுந்திருந்த காலம். அவர்கள் வைத்த கடுமையான விதி ரொக்கம் மட்டும், கடன் கிடையாது என்பது. ஏழைகளின் கடைக்கு இது இரக்கமற்ற விதியாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: 100க்கு 10 லாபம் நிற்கும் கடையில் 90க்கு வாங்கிய சரக்கைக் கடனாகக் கொடுத்து வராமல் போனால், அந்த 90ஐ ஈட்ட 900க்கு ரொக்க விற்பனை வேண்டும். வேலையில்லா ஊரில் அந்த 900 எங்கிருந்து வரும்? அடுத்த கொள்முதலுக்குப் பணமில்லாமல் கடை காலியாகிவிடும். உதவ வேண்டிய குடும்பத்துக்கு ஊர் நிதியிலிருந்து ரொக்கமாகக் கொடுத்து, அதைக் கொண்டு கடையில் வாங்கச் சொல்லுங்கள். கடையும் பிழைக்கும், உதவியும் கணக்கில் தெரியும்.

கடை வைக்கும் அளவுக்கு முதல் இல்லையென்றால் கூட்டுக் கொள்முதல் போதும். 20 குடும்பம் முன்பணம் கட்டி, கெடாத மூன்று பொருளை மட்டும் மூட்டையாக வாங்கிப் பிரிப்பது. பிரிக்கும்போது சிந்துவதும் சாக்கில் ஒட்டுவதும் தராசு இழுப்பதும் சேர்ந்து 50 கிலோவில் ஒரு கிலோ குறையும். இந்தக் குறையை முன்கூட்டியே விலையில் சேர்க்காவிட்டால் கடைசியாகப் பை நீட்டும் குடும்பத்தின் தலையில் விழும், அடுத்த தடவை அவர்கள் வரமாட்டார்கள்.

ஊருக்குள் தனி நாணயம் அச்சடிக்கும் யோசனையும் எப்போதாவது வரும். ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம் 1932 ஜூலையில் அப்படிச் செய்தது. மாதம் ஒரு சதவீதத்துக்கு முத்திரை ஒட்டாவிட்டால் தாள் செல்லாது, ஆகவே பதுக்காமல் செலவழித்தார்கள். நகராட்சி அதை வரியாக ஏற்றுக்கொண்டதுதான் அதற்கு முதுகெலும்பு. 1933இல் மத்திய வங்கி நிறுத்திவிட்டது. அர்ஜென்டினாவில் 1995இல் பெர்னால் என்ற ஊரில் சிறு பண்டமாற்றுக் குழுவாகத் தொடங்கியது, 2001 நெருக்கடியில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவி, 2002இல் குழுக்கள் அடித்த பணத்தாளில் கள்ளத்தாளும் அளவுமீறி அடித்த தாளும் பெருகிச் சரிந்தது. எல்லோரும் கட்டியாக வேண்டிய ஏதோ ஒன்றுக்கு அந்தத் தாளை ஏற்றுக்கொள்ள ஆள் இருந்தாலொழிய இந்த வழிக்குப் போகாதீர்கள். ஒருவருக்கொருவர் நன்கு தெரிந்த 50 பேருக்குள் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளும் மணிக்கணக்குப் புத்தகம் போதுமானது.

கருவி, பழுது, காலி வீடு

மூடிய ஆலையின் ஊரில் ஒரு செல்வம் உண்டு: கைத்திறன். பற்றவைப்பவர், மின்பணியாளர், பொருத்துநர் என்று தெருவுக்கு நாலு பேர். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடல்கள் உலகமெங்கும் பரவக் காரணம், அதற்கு ஒரு அறை, நல்ல வெளிச்சம், ஒரு மல்டிமீட்டர், சாலிடர் கம்பி, திருப்புளிகள், உருகி (ஃபியூஸ்) வகைகள், தையல் இயந்திரம் இருந்தால் போதும் என்பது. வரும் மின்சாதனங்களில் பெரும்பங்கு வயர், பிளக், சுவிட்ச், உருகி இவற்றில்தான் பழுதாகியிருக்கும். வயர் வெளியே நன்றாக இருக்கும், பிளக்குக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் நிற்கும். சரிசெய்த எதையும் உரிமையாளர் முன் இயக்கிக் காட்டி, உலோக உடல் உள்ளதென்றால் நிலக்கம்பி (எர்த் வயர்) எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று சோதித்த பின்பே கையில் கொடுக்க வேண்டும்.

கருவி இரவல் அறை வைத்தால் ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, போகும்போதும் வரும்போதும் இருவர் கையெழுத்து, மூன்று நாள் கெடு. துளைப்பான்கள் அடிக்கடி எரிந்துவரும். கையாள்பவரைத் திட்டுவதற்கு முன் அவர் பயன்படுத்திய நீட்டிப்பு வயரைப் பாருங்கள். 30 மீட்டர் மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்து, மோட்டார் திணறி அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். கருவியோடு கனமான வயரையும் சேர்த்தே இரவல் கொடுத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

பிழைப்பு தேடிப் போனவர்களின் வீடுகள் காலியாகும். பத்துக் காலி வீடு ஒரு தெருவைக் கெடுத்துவிடும். உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதலும் ஒரு சாவியும் வாங்கி, மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர்க் குழாயின் முதன்மை வால்வை மூடிக் குழாயை வடித்து, எரிவாயு உருளையை அகற்றிவிடுங்கள். பிறகு பதினைந்து நாளுக்கொருமுறையும் பெருமழைக்கு மறுநாளும் ஒரு பார்வை. கூரை வடிகாலில் இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், ஓரிரண்டு மழைக்காலத்தில் உத்தரம் உளுத்துவிடும். வடிகாலைக் கையால் அள்ளி எடுக்க ஆகும் நேரம் பத்து நிமிடம்.

நாள் என்பதே கரையும்போது

வியன்னா அருகே மரியெந்தால் என்ற ஆலைக் கிராமம். 1930ஐ ஒட்டி நூற்பாலை மூடியது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் எடுக்கும் புத்தகங்கள் குறைந்தன, கட்டணத்தை ரத்து செய்த பிறகும்கூட. தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்தபோது ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அவ்வளவாக நிற்கவில்லை. வீட்டுவேலை அவர்கள் நாளை இன்னும் கட்டிவைத்திருந்தது. வேலை போனால் நேரம் மிஞ்சும், அதை ஊருக்குக் கொடுப்பார்கள் என்று நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மிஞ்சிய நேரம் தானாக உழைப்பாக மாறாது.

இதற்கு எளிய ஏற்பாடுகள் உண்டு. ‘முடிந்தபோது வாருங்கள்’ என்று சொல்லாமல் ‘செவ்வாய் காலை ஏழு மணி’ என்று சொல்லுங்கள், பழைய ஷிப்ட் நேரமாகவே இருந்தால் இன்னும் நல்லது. பொதுவாகத் தொண்டர் தேவை என்று அறிவித்தால் ஒருவரும் வராத ஊரில், பம்ப் பழுதாகிவிட்டது என்று ஒரு பொருத்துநரின் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரவர் தொழிலின் பெயரால் கூப்பிடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து வராதவரைப் பற்றிக் கூட்டத்தில் பேசாமல், அன்று மாலையே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விலகிப் போவது பெரும்பாலும் உடம்புக்கோ மனத்துக்கோ முடியாமல்தான், அல்லது கடன்காரருக்குப் பயந்து வெளியே வராமல்தான்.

இன்னொரு இழப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். பொதுவேலையை ஓடியாடிச் செய்கிறவருக்குத்தான் வெளியூரில் முதலில் வேலை கிடைக்கும். அவர் போவது நல்ல செய்தி, தடுக்கக் கூடாது. ஆகவே எந்த வேலையையும் இரண்டு பேராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதுபவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாறலாம், பழையவர் ஒரு மாதம் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சப்ளை செய்பவரின் பெயர், எண், கடைசியாகக் கொடுத்த விலை, எந்த வால்வு எந்தப் பக்கம் திருகினால் மூடும், எந்தச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் ஒரே நோட்டில் எழுதி, சமையற்கூடத்தில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள். பூட்டி வைக்காதீர்கள், தேவைப்படும் நாளில் பூட்டின் சாவி ஊரில் இருக்காது.